சுடுதண்ணி மட்டும் இருக்கும் இடத்தில்

பாக்கெட் மீ எப்படி இருந்தது என்று கேட்டால் நம்மாட்களிடமிருந்து இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "செம காரம்லா". இன்னொன்று, "கடையில சாப்பிடுற மாதிரியே இருக்கு". கிட்டத்தட்ட தினமும் சாப்பிடும் ஒரு பொருளைப் பற்றி நம்மிடம் இருக்கும் மொத்த விமர்சனமும் இந்த இரண்டு வாக்கியம்தான். முதல் வாக்கியம் நாக்கு பட்ட வலியைச் சொல்கிறது. இரண்டாவது, நகல் அசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. மீயைப் பற்றி இரண்டுமே ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே ஆறு பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு வரிசையாகச் சாப்பிட்டேன்: மேகி கறி, இண்டோமி மீ கோரெங், மாமா தோம்யாம், சாம்யாங் புல்டாக், பிரிமா டேஸ்ட் லக்சா, வாய் வாய். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக வேலை. சோதனை என்றால் விதி வேண்டும் என்பது பழகிப்போன புத்தி. முதல் முறை பாக்கெட்டில் போட்டிருக்கும் செய்முறையை அப்படியே பின்பற்றி, முட்டை, கீரை எதுவும் சேர்க்காமல் வீட்டில் சமைத்தேன். இரண்டாவது முறை வேலையிடத்து ஓய்வறையில், குழாயில் வரும் சுடுதண்ணியை ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து சாப்பிட்டேன். எனக்குத் தெரிந்து பாக்கெட் மீ சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அடுப்பே கிடையாது. விடுதி மாணவர்கள், இரவு வேலைக்காரர்கள், காவலாளிகள். இவர்களை விட்டுவிட்டு எழுதும் மதிப்புரை வேறு ஏதோ சாப்பாட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

முதலில் இதன் வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1958-இல் ஜப்பானின் இக்கேடா நகரில் மொமொஃபுக்கு ஆண்டோ என்பவர் கோழிச் சுவையில் முதல் உடனடி ராமெனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தைவானில் பிறந்தவர், அப்போது அவருக்கு 48 வயது. அவர் கண்ட வழி எளிமையானது. ஆவியில் வெந்த மீயைச் சூடான எண்ணெயில் பொரித்தால் உள்ளிருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாகி வெளியேறும். போன இடமெல்லாம் நுண்ணிய துளைகள். பிறகு சுடுதண்ணி ஊற்றும்போது அதே துளைகள் வழியாகத் தண்ணி உள்ளே திரும்புகிறது. அதாவது மீ ஏற்கெனவே வெந்துவிட்டது. நாம் செய்வது சமையல் இல்லை, ஊறவைப்பதுதான். நம் வட்டாரத்தில் அது பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் பொரிக்கப்படுகிறது. கண்டுபிடிப்பு ஜப்பானுடையது என்றாலும் பாக்கெட்டைப் பிரித்ததும் வருவது நம்ம தோட்டத்து எண்ணெய் வாசம்.

மேகியில் தொடங்கலாம். பெயர் சுவிட்சர்லாந்துக்காரருடையது; ஆனாலும் இந்த நாட்டில் எந்தப் பாக்கெட் மீயும் மேகிதான். அதன் கறி, மஞ்சளும் மல்லியும் கலந்த ஒரு பொதுக் கறி. நம் வீட்டுக் கறி அல்ல, மலாய்க்காரர் வீட்டுக் கறியும் அல்ல, சீனர் கடைக் கறி மீயும் அல்ல. யார் வீட்டையும் சேராததால் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதன் பலம் அதுதான், பலவீனமும் அதுதான். முதல் இரண்டு வாய் வாசனையில் ஓடிவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் மீ சூப்பை முழுக்கக் குடித்துவிட்டு உப்பிப்போய்க் கிடக்கிறது. மேகியின் நல்ல விமர்சகர் மாமாக் கடைச் சமையல்காரர். சூப்பே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு, கிச்சாப், சம்பால், கோஸ், முட்டையோடு சட்டியில் பிரட்டி மேகி கோரெங் ஆக்கிவிட்டார். மீயின் குறை எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் சட்டியில் செய்த வேலையை இண்டோமி பாக்கெட்டுக்குள்ளேயே செய்துவிடுகிறது. இந்தோனேசியாவில் 1980-களின் தொடக்கத்தில் வந்த மீ கோரெங் இது. தூள், வெங்காய வாசமுள்ள எண்ணெய், இனிப்புக் கிச்சாப், மிளகாய்ச் சாறு, பொரித்த வெங்காயம் என்று ஐந்து சேர்மானங்கள். எதுவும் அதிகப்படியில்லை. முதலில் இனிப்பு, பிறகு உப்பு, கடைசியில் காரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. இந்த நிறுவனத்தின் பல சுவைகளை உருவாக்கிய நுனுக் நுரைனி 2021 ஜனவரியில் இறந்தபோது நைஜீரியா வரைக்கும் ஆட்கள் இரங்கல் எழுதினார்கள். பாக்கெட் மீக்கும் ஓர் ஆசிரியர் உண்டு என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது. ஒரே குறை அளவு. ஒரு பாக்கெட் பத்தாது, இரண்டு திகட்டும்.

தாய்லாந்தில் மாமா என்றால் நம் ஊர் மேகி மாதிரி எல்லாப் பாக்கெட் மீக்கும் பொதுப்பெயர். 1972-இலிருந்து விற்கிறது. மக்கள் கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பதை அதன் விற்பனையை வைத்துக் கணிக்கும் வழக்கமே அங்கே உண்டு. தோம்யாம் பாக்கெட்டில் புளிப்பு முந்திக்கொண்டு வருகிறது, எலுமிச்சைப் புல் பின்னாலேயே வருகிறது. ஆனால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. தாய்க்காரர்கள் இதைத் தனிச் சாப்பாடாகக் கருதுவதைவிடச் சமையல் பொருளாகக் கருதுவதே அதிகம். காய்கறி, இறால், பன்றி இறைச்சி போட்டுக் கிளறுகிறார்கள். தனியாகச் சாப்பிட்டு இதைக் குறை சொல்வது அவ்வளவு நியாயமில்லை.

புல்டாக் விஷயத்தில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. 2012-இல் கொரியாவில் வந்தது. காரம் சுமார் 4,400 ஸ்கோவில். 2024 ஜூனில் டென்மார்க் அரசு இதன் அதிகாரமான மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. உலகத்துக்கே அது விளம்பரமாகிப் போனது. காரம் என்பது சுவையல்ல, சூட்டை உணரும் நரம்பை மிளகாய் ஏமாற்றுவது. அது தப்பென்று சொல்லவில்லை. மிளகாய் இல்லாமல் நமக்கு என்ன சாப்பாடு? ஆனால் காரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புல்டாக்கைப் பாதி சாப்பிட்டு, நாக்கு மரத்துப்போன பிறகு மிச்சத்தைக் கவனித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்தது சீனி. கெட்டியான, நல்ல மீ, அதன்மேல் சீனி. வீடியோவில் அழுதுகொண்டே சாப்பிடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

அடுத்து அசல் மாதிரி இருக்கும் மீ. அமெரிக்காவில் ஹான்ஸ் லீனெஷ் என்பவர் 'தி ராமென் ரேட்டர்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளைச் சாப்பிட்டு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பிட்டு வருகிறார். அவரது பட்டியலில் உச்சிக்குப் போனவற்றில் சிங்கப்பூரின் பிரிமா டேஸ்ட் லக்சாவும் ஒன்று. அதில் தப்பில்லை, அருமையான மீ. எண்ணெயில் பொரிக்காமல் காற்றில் உலர்த்தியது, அதனால் நல்ல இழுவை. தேங்காய்ப்பால் தூள் தனி, லக்சா விழுது தனி. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பக்கத்தில் யாராவது "மாகான், மாகான்" என்று கூப்பிடுவார்கள் போலிருந்தது.

அதையே ஓய்வறைக் குழாய்த் தண்ணியில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் நடுவில் குச்சி மாதிரி நின்றது. பொரிக்காத மீயில் அந்தத் துளைகள் குறைவு. கொதிக்கும் தண்ணியில் ஏழு நிமிடம் கேட்கிறது. அடுப்பு வேண்டும், சட்டி வேண்டும், மேகியைப்போலப் பல மடங்கு காசும் வேண்டும். 'அசல் மாதிரி' என்ற அளவுகோல் யாருக்கு மதிப்பெண் போடுகிறது என்பது இங்கேதான் எனக்குத் தெளிவானது. சமையலறை உள்ளவருக்கு. லக்சாவுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம், ஆனால் அதை எங்கே நின்று கொடுக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும்.

இலக்கியத்திலும் இந்த அளவுகோல் நம்மிடம் நன்றாகவே புழங்குகிறது. உள்ளூர்க் கதை ஒன்றைப் பாராட்ட வேண்டுமென்றால் "தமிழ்நாட்டுல எழுதுற மாதிரியே இருக்கு" என்கிறோம். இல்லாவிட்டால் "செம காரமா எழுதியிருக்கான்" என்கிறோம். எந்த வாழ்க்கையின் எந்த இடைவேளையில், கையில் என்ன வைத்துக்கொண்டு அந்தக் கதை எழுதப்பட்டது, அதற்குள் அது எதைச் சாதித்தது என்று கேட்கிறவர்கள் கொஞ்சம்தான்.

கடைசி பாக்கெட் வாய் வாய். 1980-களிலிருந்து நேபாளத்தில் சௌத்ரி குழுமம் தயாரிப்பது. பெரிய பேரங்காடியில் தேட வேண்டாம். நேபாளத் தொழிலாளர்கள் சாமான் வாங்கும் கடைகளில் கிடைக்கும். பழுப்பு நிற மீ. மசாலா மீயிலேயே ஏறியிருக்கிறது. எங்கள் இரவு வேலையில் இருக்கும் நேபாள நண்பர் இதைத் தண்ணியில் போடவே இல்லை. பாக்கெட்டோடு நொறுக்கி, தூளையும் எண்ணெயையும் கொட்டி, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குலுக்கி நீட்டினார். மொறுமொறுப்பு, புளிப்பு, வெங்காயத்தின் ஈரம், அடியில் கோதுமையின் இனிப்பு. இரண்டு நிமிட வேலை. அடுப்பும் வேண்டாம், சுடுதண்ணியும் வேண்டாம். எதன் நகலாகவும் அது இல்லை. ஆறிலும் தன் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்ட மீ இதுதான்.

எல்லாவற்றுக்கும் மேல் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரே பாக்கெட்டில் 1,000-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம், பெரும்பகுதி தூளில்தான். தினமும் சாப்பிடுகிறவரிடம் "சாப்பிடாதே" என்று சொல்வதில் பிரயோசனமில்லை. அதனால் மூன்றாவதாக ஒரு சோதனை வைத்தேன்: தூளில் பாதியை மட்டும் போட்டுச் சாப்பிடுவது.

மேகி வெறும் மஞ்சள் தண்ணியானது. மாமாவில் புளிப்பு மட்டும் மிஞ்சியது. லக்சாவில் தேங்காய்ப்பால் இருந்தது, லக்சா இல்லை. புல்டாக்கில் தூளே இல்லை, சாறுதான். பாதிச் சாற்றில் காரம் குறைந்து சீனி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இண்டோமி கிச்சாப்பையும் எண்ணெயையும் வைத்துச் சமாளித்தது. வாய் வாய்க்கு ஒன்றுமே ஆகவில்லை.

இரவு வேலைக்குப் போகிறவர் என்னிடம் எதை வாங்குவது என்று கேட்டால் இந்த வரிசையில்தான் சொல்வேன்: வாய் வாய், இண்டோமி, மேகி. மேகியை வாங்கினால் சூப்பை மிச்சம் வைக்கச் சொல்வேன்.