மூட்டையும் கவசமும்: இரட்சணிய யாத்திரிகம், கோவேறு கழுதைகள் ஆகியவற்றில் ஆன்மப் போர் உருவகம்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ வாழ்வைப் போராகக் காணும் உருவகம் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) அவ்வுருவகத்தைக் காப்பியமாக விரித்தது. நூறாண்டு கழித்து வெளிவந்த இமையத்தின் கோவேறு கழுதைகள் (1994), போர்ச்சொற்களை முன்னிறுத்தாமல், அதே நம்பிக்கையை ஒரு புதிரை வண்ணார்க் குடும்பத்தின் அன்றாடத்தில் நிறுத்திக் காட்டியது. புறத்திணை மரபின் துணைகொண்டு இவ்விரு படைப்புகளையும் ஒப்பிடும் இக்கட்டுரை, ஆன்மப் போர் இயல்பில் நொச்சிப் போர் என்றும், அது வஞ்சியாகத் திரியும்போது பகைவன் யார் என்பதே மறைந்துவிடுகிறது என்றும் எடுத்துரைக்கிறது. கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியின் அண்மைக்கால நிகழ்வு இம்முடிவுக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆன்மப் போர், சர்வாயுதவர்க்கம், நொச்சி, இரட்சணிய யாத்திரிகம், கோவேறு கழுதைகள், நடுநாடு.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘போராட்டம்’ என்னும் சொல் போர்க்களத்தை மட்டும் குறிப்பதன்று. நோய், கடன், குடி, குடும்பப் பூசல், மனச்சோர்வு என வீட்டுக்குள் நிகழும் அனைத்தும் இச்சொல்லுள் அடங்கும். காலை மன்றாட்டிலும் உபவாசக் கூடுகையிலும் இச்சொல் நாள்தோறும் ஒலிக்கிறது. அன்றாட வாழ்வின் துயரை விண்ணுலகப் போரின் ஒரு பகுதியாகக் காண்பது, துயருறுவோர்க்குத் தம் துயர் பொருளற்றதன்று என்னும் துணிவைத் தருகிறது. அதே பார்வை, துயரின் மண்ணுலகக் காரணங்களைக் கண்ணிலிருந்து மறைக்கவும் கூடும். உருவகத்தின் இவ்விரு ஆற்றல்களையும் இலக்கியம் எவ்வாறு கையாண்டது என்பதே இங்கு ஆய்வுப்பொருள்.

சர்வாயுதவர்க்கம்: எத்திணைப் போர்?

இவ்வுருவகத்தின் ஊற்றுக்கண் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரம். சிறையிலிருந்து பவுல் எழுதியதாக மரபு கூறும் இத்திருமுகம், உரோமை வீரனின் இடைக்கச்சை, மார்க்கவசம், காலணி, கேடயம், தலைச்சீரா, வாள் ஆகியவற்றை முறையே வாய்மை, நீதி, நற்செய்தி, நம்பிக்கை, மீட்பு, இறைச்சொல் என்பனவாகக் காண்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு இத்தொகுதிக்குச் ‘சர்வாயுதவர்க்கம்’ என்னும் வடசொற்றொடரை அமைத்தது. அத்தொடர் இன்றும் பொதுமக்கள் நாவில் வழங்குகிறது.

இப்பகுதியில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, வாள் ஒன்று நீங்கலாக ஏனைய அனைத்தும் தற்காப்புக்கு உரியன. வீரனுக்கு இடப்படும் கட்டளையும் ‘நில்’ என்பதே. முன்னேறுக, கைப்பற்றுக என்னும் ஏவல் அங்கில்லை. இரண்டாவது, போராட்டம் மனிதரோடு அன்று என வரையறுக்கப்படுகிறது. எதிர்நிற்பவை ‘துரைத்தனங்கள்’, ‘அதிகாரங்கள்’ எனப் பெயர் பெறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் துரைத்தனம் என்பது ஆங்கிலேயர் ஆட்சியையும் குறித்த சொல். ஆகவே அக்காலத் தமிழ் வாசகர் செவியில் இச்சொல் வானத்து ஆவிகளோடு மண்ணில் உள்ள ஆளுகையையும் சேர்த்தே ஒலித்திருக்க வேண்டும். மூலத்தில் உள்ள சொல்லுக்கும் ஆளுகை, முதன்மை என்னும் பொருள் உண்டாதலின் இது பிழையான ஒலிப்பன்று.

தமிழ்ப் புறத்திணை மரபு போரை அதன் நோக்கம்பற்றி வகுத்தது. பிறர் மண்ணின்மேல் படையெடுத்தல் வஞ்சி. மதிலை வளைத்தல் உழிஞை. களத்தில் எதிர்நின்று பொருதல் தும்பை. தன் மதிலைக் காத்தல் நொச்சி. தொல்காப்பியம் மதில் காத்தலை உழிஞையுள் அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாக்கியது. இப்பகுப்பின்படி நோக்கினால் சர்வாயுதவர்க்கம் அணிந்து நிற்பவன் நொச்சி மறவன். அவனுக்குப் பிறர் மண் வேண்டுவதில்லை. காக்க வேண்டிய மதில் ஒன்று இருக்கிறது, அவ்வளவே.

யாத்திரிகனின் மூட்டை

ஜான் பனியன் தம் இளமையில் பாராளுமன்றப் படையின் காவற்கோட்டை வீரராக இருந்தவர்; பின்னர்ச் சமயக் காரணத்தால் 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையில் கிடந்தவர். 1678இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பயணக் கதையைத் தழுவி எழுந்ததே இரட்சணிய யாத்திரிகம். நெல்லைச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை, கம்பனில் தோய்ந்தவர். நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்த இக்காப்பியம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்டு 3,766 பாடல்களால் இயன்றது.

பனியனின் கதையில் பயணி முதுகில் ஒரு மூட்டையோடு புறப்படுகிறான். அது பாவச்சுமை. சிலுவையின் அடியில் அது தானே அவிழ்ந்து விழுகிறது. அதன்பின் அவனுக்குப் படைக்கலச் சாலையில் கவசம் பூட்டப்படுகிறது. தாழ்மையின் பள்ளத்தாக்கில் அழிவின் தலைவன் எதிர்ப்படும்போது, திரும்பி ஓடிவிடலாமா என்று பயணி எண்ணுகிறான். தன் முதுகுக்குக் கவசம் இல்லை என்பதை உணர்ந்து நின்று பொருகிறான். தமிழ் வாசகர்க்கு இது அயலார் கருத்தன்று. புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமன்னனையும், மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்டுக் களம் தேடிச் சென்ற முதிய தாயையும் புறநானூறு முன்பே காட்டியுள்ளது. பனியனின் படிமம் தமிழில் எளிதில் வேர்கொண்டதற்கு இவ்வொப்புமை ஒரு காரணமாகலாம்.

எனினும் கிருஷ்ணபிள்ளை மூலத்தை அப்படியே பின்பற்றவில்லை. மூலக்கதையில் இல்லாத விரிவோடு இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் அவர் பாடுகிறார். எள்ளலையும் அடியையும் ஏற்று எதிர்ச்சொல் கூறாது நிற்கும் தலைவனே அங்குக் காப்பியத்தின் நடுநாயகம். களத்தில் பகைவனை வீழ்த்தும் வீரத்தினும், பகைவர் நடுவே நிலைகுலையாது நிற்கும் பொறை உயர்ந்தது என்பதை இந்த அமைப்பே உணர்த்துகிறது. தும்பைக்குரிய காட்சிகள் நூலில் உண்டு. ஆயினும் அதன் உயிர்நிலை நொச்சியே.

இக்காப்பியத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. பயணி மனைவி மக்களை விட்டு நீங்கியே நடக்கிறான். அவர்கள் பின்னர் மேற்கொண்ட பயணத்தைப் பனியன் 1684இல் இரண்டாம் பாகமாக எழுதினார். கிருஷ்ணபிள்ளை தழுவியது முதற்பாகம். அதனால் விட்டுவந்த வீடு, அவ்வீட்டின் அடுப்பு, அதன் கடன், அதன் பசி ஆகியவை காப்பிய எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆன்மப் போர் வழியில் நிகழ்கிறது. வாசலுக்கு உள்ளே நிகழ்வதில்லை.

ஆரோக்கியத்தின் மூட்டை

அந்த வாசலுக்குள் நுழைந்த படைப்பு கோவேறு கழுதைகள். கள்ளக்குறிச்சியும் விருத்தாசலமும் அடங்கிய நடுநாட்டு மண்ணின் பேச்சு இந்நாவலின் உயிர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடியைச் சேர்ந்த ஆரோக்கியம், அவள் கணவன் சவுரி, மக்கள் ஜோசப், பீட்டர், மேரி ஆகியோர் கத்தோலிக்கர். காலனி மக்களின் அழுக்குத் துணியைச் சுமப்பதும், மகப்பேற்றுக்கும் சாவுக்கும் ஊழியம் செய்வதும், இரவில் வீடுதோறும் சோறு வாங்குவதும், களத்தில் தானியம் பெறுவதும் அவர்கள் வாழ்வு. இளைய மகனைத் திருச்சபைக்குக் கொடுத்துச் சாமியாராக்க வேண்டும் என்பது ஆரோக்கியத்தின் வேண்டுதல். அந்தோணியார் அவள் வாய்ச்சொல்லில் நீங்காது இருக்கிறார்.

இங்கும் ஒரு மூட்டை உண்டு. ஆனால் அது அவளுடைய பாவமன்று, பிறருடைய அழுக்கு. பனியனின் பயணியின் சுமை சிலுவையடியில் விழுந்தது. ஆரோக்கியத்தின் சுமை எந்தக் கோயில் வாசலிலும் விழுவதில்லை. வெளுத்துக் கொடுத்த துணி மறுநாள் மீண்டும் அழுக்காகி அவள் தோளுக்கே வருகிறது. விழுந்தொழியும் சுமைக்கும் நாள்தோறும் திரும்பிவரும் சுமைக்கும் இடையிலான இவ்வேறுபாடே இரு நூல்களையும் பிரிக்கும் கோடு. பாரம் சுமப்போரை அழைத்த கிறிஸ்துவின் குரல் ஆரோக்கியத்திற்குக் கேட்காமல் இல்லை. அவ்வழைப்பை ஏற்று நடந்துபோக அவளுக்கு வழி இல்லை. பயணி புறப்படலாம், ஊர்ச்சோற்றில் பிழைப்பவள் இரவு தோறும் அதே வாசல்களுக்குத் திரும்ப வேண்டும்.

நாவலில் பேய் இல்லை, அழிவின் தலைவன் இல்லை. பகை, பழக்கத்தின் வடிவில் வருகிறது. களத்தில் கிடைக்கும் தானியம் குறைகிறது, வாங்கும் சோறு குறைகிறது, வசை கூடுகிறது. மகள் மேரி காலனியைச் சேர்ந்த ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். அதைக் கேட்பதற்கு ஊரும் இல்லை, முறையும் இல்லை. ஒடுக்கப்பட்டவரே தம்மினும் கீழ்நிறுத்தப்பட்டவரை ஒடுக்குவதைக் காட்டியதால் இந்நாவல் வெளிவந்த காலத்தில் கடும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. அவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத செய்தி ஒன்று உண்டு. மனிதரைப் பகைவராக்காமல், மனிதரை ஆட்டுவிக்கும் முறைமையைப் பகையாகக் காட்டுவதில் இமையத்தின் எழுத்து எபேசியர் திருமுகத்தின் வரையறைக்கு வியத்தகு அளவில் நெருங்கி நிற்கிறது. ஆரோக்கியம் எவரையும் முற்றாக வெறுப்பதில்லை. திட்டியவள் வீட்டுப் பேறுகாலத்திற்கும் அவளே போகிறாள்.

அதேவேளை அவள் நம்பிக்கை அவளைக் காக்கும் மதிலா, அடைத்து வைக்கும் சிறையா என்னும் வினாவை நாவல் விடுவிப்பதில்லை. அந்தோணியாரிடம் முறையிடுவது அவளை உடையாமல் நிறுத்துகிறது. முறையிட்டு முடிந்ததும் மூட்டையை மீண்டும் தூக்கவும் அதுவே வலுவளிக்கிறது. நொச்சி மறவனுக்குக் காக்க ஒரு மதில் உண்டு. ஆரோக்கியம் காப்பது எதனை என்று கேட்டால், தன்னை நசுக்கும் ஊர் முறையையே அவள் தன் மதிலாகக் கருதிக் காத்து நிற்கிறாள் என்னும் துயர விடை கிடைக்கிறது. நாவலின் அவல ஆழம் இதுவே.

பகைவன் யார்?

நடுநாட்டுத் திருச்சபை வரலாற்றிலும் இவ்வினா எழுந்துள்ளது. லைப்சிக் மிஷனில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதிக்கு இடம் கொடுக்கலாகாது என்னும் கருத்து வேற்றுமையால் அதைவிட்டு விலகி, 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார். டேனிஷ் மிஷனரி சங்கம் அதனோடு இணைந்தது. பின்னாளைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு அதுவே வித்து. அங்குப் பகை சபைக்கு வெளியே இருந்த தெய்வங்களில் அன்று, சபைக்குள் இருந்த வரிசையில் அடையாளம் காணப்பட்டது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘மது அரக்கன்’ என்பது தமிழில் சமய எல்லை கடந்து வழங்கும் தொடர். இத்தொடர் குடித்தவனைப் பழியிலிருந்து விடுவிக்கிறது. அவனும் பிடியுண்டவனே என்று இரங்குகிறது. அதன் அருள் அது. ஆனால் அரக்கனுக்கு முகவரி இல்லை. நச்சுப்பொருளைக் கொணர்ந்தவன், விற்றவன், கண்டும் காணாதிருந்தவன் ஆகியோரும் அதே தொடரின் நிழலில் ஒளிந்துகொள்ளலாம். அதன் இடர் இது.

இந்நிகழ்வை அடுத்துக் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. 1976 வரை ஜாகீர்தார் ஆளுகையில் இருந்த மலை அது. சாலை, பள்ளி, மருத்துவம், பிழைப்பு ஆகியவற்றின் குறை, மலையில் சாராய ஊறல் போடுவதற்கான சூழலோடு பிணைந்தது. இங்கே ‘துரைத்தனங்கள்’ என்னும் பழைய மொழிபெயர்ப்புச் சொல் தன் இரட்டைப் பொருளை மீண்டும் பெறுகிறது. ஒரு வீட்டில் குடியை விட இயலாமல் மன்றாடுபவனின் போர் மெய்யானது. அவன் மன்றாட்டை வலுவிழக்கச் செய்யும் வாணிகமும் புறக்கணிப்பும் மெய்யானவையே.

இதே மண்ணில் ஆன்மப் போர் வஞ்சியாகத் திரியும் வாய்ப்பும் உண்டு. கரியராமரை வழிபடும் மலையாளிப் பழங்குடியினரின் குன்றைப் ‘பகைவனின் கோட்டை’ எனப் பேசும் பார்வையில், அயலாரே படையெடுத்துப் பிடிக்க வேண்டிய மண்ணாகிவிடுகிறார். மனிதரோடு அன்று என்னும் மூல வரையறை அங்கு முறிகிறது. அப்பார்வைக்குக் கிருஷ்ணபிள்ளையின் காப்பியமும் துணைநிற்பதில்லை. பழைய சமயத்தின் பாமரபு முழுவதையும் கைவிடாது எடுத்துவந்து புதிய நம்பிக்கைக்கு அணியாக்கியவர் அவர்.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகம் ஆன்மப் போரின் பெருமையைக் காட்டியது. அப்போருக்குப் புறப்பட இயலாதவர் நிலையைக் காட்டவில்லை. கோவேறு கழுதைகள் அந்நிலையைக் காட்டியது. அங்கிருந்து வெளியேறும் வழியைக் காட்டவில்லை. இரண்டையும் ஒருங்கு வைத்துப் படிக்கும்போதே உருவகம் முழுமை பெறுகிறது. கவசம் அணிந்தவன் முதுகில் இருப்பது எவருடைய மூட்டை என்று கேட்பது திறனாய்வின் கடமை. தன் பிழையின் சுமையாயின் மனமாற்றம் அதை இறக்கும். பிறர் ஏற்றிய சுமையாயின், ஏற்றியவர் யார் என்னும் வினாவும் மன்றாட்டின் ஒரு பகுதியாக வேண்டும். நொச்சி மாலை சூடி நிற்பவர்க்கு மதில் எது, பகை எது என்னும் தெளிவே முதற்படைக்கலம்.