சித்தி கொண்டுவந்த செட்டு: பூனாகலையில் ஒரு சோதனை

எங்கள் லயத்தில் சவூதிக்குப் போய் வந்த வீடுகளை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அலுமாரியின் தலையில் ஒரு சீடி செட்டு இருக்கும். இரண்டு பக்கமும் வட்ட ஸ்பீக்கர், நடுவில் மேல் பக்கமாகத் திறக்கும் மூடி, பின்னால் மடிந்து கிடக்கும் ஏரியல். என் சித்தி ஏழு வருஷம் ரியாத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த செட்டும் அப்படித்தான் பொலித்தீன் பையோடு மேலே ஏறி உட்கார்ந்தது. எதையும் பழுதாக்கிவிடுவோம் என்ற பயத்தில் அதை யாரும் தொடவே இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் கரண்டும் போனது, போன் சிக்னலும் போனது. எங்கே மண் சரிந்தது, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்தின் நிலைமைகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அது முடிந்த பிறகுதான் அந்தப் பையைப் பிரித்தேன். இரண்டு மாதம் பாட வைத்துப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் முக்கியமில்லை. இந்தச் சாதியைச் சேர்ந்த பெட்டி எல்லாமே உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிளக்கை எடுத்துச் சொருகப் போன சித்தியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டா, பாடுற பெட்டிதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?"

"பொறுங்க சித்தி, பின்னால ஒரு சுவிட்சு இருக்கு, அதப் பாத்துட்டுப் போடுவோம்."

வயர் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில், ஸ்குரூ டிரைவர் நுனியால் தள்ளக்கூடிய ஒரு குட்டிச் சிவப்புச் சுவிட்சு. அது 110–127 என்ற பக்கம் இருந்தது. சவூதியில் நெடுங்காலம் வீட்டு விளக்குகளும் சின்னச் சாமான்களும் 127 வோல்ட்டில் ஓடின. 2010-க்குப் பிறகுதான் அந்த நாடு 230-க்கு மாறத் தொடங்கியது. நம் கரண்டோ 230 வோல்ட். அப்படியே சொருகியிருந்தால் உள்ளேயிருக்கும் டிரான்ஸ்பார்மர் சில நிமிஷத்தில் புகைந்திருக்கும். யாரும் தொடாமல் வைத்திருந்ததுதான் செட்டைக் காப்பாற்றியது.

ஜப்பானில் பாவித்த சாமான் என்று விற்கிற செட்டுகளில் வேறொரு வில்லங்கம். அங்கே கரண்டு 100 வோல்ட். அதற்கு ஒரு தனி டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினாலும், உள்நாட்டுக்கென்றே செய்த பழைய ஜப்பான் ரேடியோக்களில் எப்.எம். 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் தமிழ் எப்.எம். நிலையங்கள் பெரும்பாலும் 100-ஐத் தாண்டி நிற்பவை. காசு கொடுப்பதற்கு முன் டயலில் கடைசி எண் என்னவென்று பாருங்கள். 108 இல்லையென்றால் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது பிளக். செட்டோடு வந்தது இரண்டு பின். வீட்டுச் சுவரில் இருப்பது மூன்று ஓட்டை. இதற்கு லயத்தில் ஒரு வைத்தியம் உண்டு: மேல் ஓட்டைக்குள் பேனா மூடியையோ ஈர்க்குச்சியையோ விட்டு அமுக்கினால் கீழ் இரண்டு ஓட்டையின் கதவும் திறக்கும், பிறகு இரண்டு பின்னையும் தள்ளிவிடலாம். பிளக்கே இல்லாதவர்கள் வயரின் தோலை உரித்து, செம்புக் கம்பியை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவார்கள். நானும் சின்ன வயதில் செய்திருக்கிறேன், அதனால் பெரிய மனிதர் தோரணையில் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்தச் சின்னக் கதவை வைத்திருப்பதே பிள்ளைகளின் விரலும் கம்பியும் உள்ளே போகக்கூடாது என்பதற்குத்தான். இறுக்கமில்லாத இணைப்பு உள்ளுக்குள்ளே பொறி தட்டிச் சூடாகும். நம் கூரைக்குக் கீழே காய்ந்த விறகு அடுக்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் ஒரு 13 அம்பியர் மூன்று பின் பிளக் வாங்கி மாட்டினேன். அதற்குள் இருக்கும் பியூஸ் பெரும்பாலும் 13 அம்பியராகத்தான் வரும், அதைக் கழற்றி 3 அம்பியர் போட வேண்டும். செட்டு இழுப்பது ஏறக்குறைய 20 வாட், அதாவது 0.1 அம்பியருக்கும் குறைவு. ரேடியோ வயர் நூல் போன்றது, 13 அம்பியர் பியூஸ் உருகும் முன் வயரே உருகிவிடும். பின்பக்கத்தில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு அடையாளம் இருந்தால் இரட்டைக் காப்புள்ள சாமான் என்று அர்த்தம், அதற்கு ஏர்த் வயர் தேவையில்லை. வீட்டின் ட்ரிப் சுவிட்சில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானையும் அன்றைக்கு அமுக்கிப் பார்த்தேன், டக்கென்று விழுந்தது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டியது அது. விழாவிட்டால் செட்டைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு முதலில் வயரிங் ஆளைக் கூப்பிடுங்கள்.

இனிப் பாட்டு. மூடியைத் திறந்து சித்தி பத்திரமாக வைத்திருந்த பக்திப் பாட்டு சீடியைப் போட்டோம். சுற்றியது, 'எர்ரர்' என்றது, நின்றது. சீடியில் கீறல் ஒன்றுமில்லை. காரணம் எங்கள் ஊர்தான். பூனாகலையில் காலை மூட்டம் கதவு வழியாக இஸ்தோப்புக்குள்ளேயே வந்து உட்காரும். குளிர்ந்து கிடக்கும் பெட்டியை அடுப்பு எரிகிற காம்பராவுக்குள் கொண்டுவந்தால், கண்ணாடி போட்டவர் டீக்கடைக்குள் நுழைந்த கதைதான், உள்ளே இருக்கும் லென்சில் பனி படியும். மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சும்மா விட்டேன். பாடியது. ஐந்தாவது பாட்டில் மறுபடி திக்கியது.

டார்ச் அடித்துப் பார்த்தபோது, பச்சைப்பயறு அளவில் நீல மினுக்கோடு இருக்க வேண்டிய லென்சில் இளமஞ்சளாக ஒரு படலம் தெரிந்தது. விறகுப் புகை. பொலித்தீன் பைக்குள் இருந்தும் வருஷக்கணக்கில் கசிந்திருக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் பாமசியில் விற்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் துளி தொட்டு, இமையைத் துடைக்கிற பதத்தில் ஒரு சுற்றுத் துடைத்தேன். பஞ்சு மண்ணிறமாகத் திரும்பி வந்தது, அதன் பிறகு திக்கலே இல்லை. சாராயமும் ஓடிக்கொலோனும் வேண்டாம், அதில் கலந்திருப்பவை லென்சில் ஒட்டிக்கொள்ளும்.

இதைச் செய்யும்போது வயர் பிடுங்கி, பெட்டரியும் கழற்றியிருக்க வேண்டும். சீடியைப் படிப்பது 780 நனோமீட்டர் லேசர் கதிர், நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. பெட்டிக்குப் பின்னால் 'கிளாஸ் 1 லேசர்' என்று ஒட்டியிருப்பதன் அர்த்தம், மூடிய நிலையில் அதனால் ஆபத்தில்லை என்பது. மூடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, மூடி திறந்தால் அது மேலெழும்பி லேசரை அணைத்துவிடும். இங்கேதான் பிள்ளைகளின் மூளை வேலை செய்கிறது. சீடி சுற்றுகிற வேடிக்கையைப் பார்க்க என் அக்கா மகன் அந்தப் பொத்தானைத் தீக்குச்சியால் அமுக்கிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் தெரிந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், தெரியாத கதிருக்கு அது மூடாது. அவனை இழுத்துவிட்டு, மூடியைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டிவிட்டேன். செட்டின் அழகு போனது என்று சித்திக்குக் கோபம்.

சீடியைத் துடைக்கிற விதமும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் வட்டமாகத்தான் துடைக்கிறோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். குறுக்கே விழும் கீறலைத் தாண்டிப் படித்துவிடும் கணக்கு அந்தப் பெட்டிக்குத் தெரியும், தடத்தோடு ஓடும் கீறலைத் தாண்டத் தெரியாது. மினுங்குகிற பக்கத்தைவிட எழுத்து அச்சடித்த பக்கம்தான் நோஞ்சான், ஏனென்றால் ஒளியைத் திருப்பும் பூச்சு அந்த எழுத்துக்கு அடியிலேயே இருக்கிறது.

சத்தம் பரவாயில்லை. முக்கால் அளவுக்கு மேல் வைத்தால் ஸ்பீக்கர் தகரம் போல் அதிரும், ஆனால் அந்த அளவு யாருக்கும் தேவைப்படாது. அடுத்த காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான், அதுவும் பல இடங்களில் கூரை வரை போகாது. ஹெட்போன் மாட்டுகிறவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான்.

இந்தச் செட்டுகளோடு வரும் சின்னப் புத்தகத்தில், மேலே பூச்சாடி வைக்காதே, மெழுகுதிரி வைக்காதே, காற்றுத் துளையை மூடாதே என்று எழுதியிருக்கும். யாரோ வெள்ளைக்காரர் வீட்டுக்கு எழுதியது போலத் தோன்றும், ஆனால் நம் வீட்டைத்தான் சொல்கிறது. சித்தி செட்டை இறக்கிய அன்றே அதன் மேல் பின்னல் துணி விரித்தார். துணி மேல் மாரியம்மன் படம், அதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர், கார்த்திகை விளக்கு. மூன்று தடையும் ஒரே நாளில் உடைந்தது. படத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிய பிறகுதான் சமாதானம்.

இனி ரேடியோ. எனக்கு இதுதான் முக்கியம். எப்.எம். அலை நேராகப் போகும், மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். பின் காம்பராவில் ஒரு நிலையமும் ஒழுங்காக எடுக்கவில்லை, இஸ்தோப்பில் ஜன்னலோரம் வைத்து ஏரியலை முழுக்க நீட்டியதும் சூரியன், சக்தி நிலையங்கள் தெளிந்தன. ஏரியல் முக்கால் மீட்டர் இருக்க வேண்டும், அலை நீளத்தில் கால்வாசி அது. நுனி முறிந்த ஏரியலோடு வரும் செட்டை வாங்கினால் அந்தக் குறை மழைநாளில்தான் தெரியும். மத்திய அலைக்கு ஏரியல் உதவாது, அதற்கான கம்பி பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கிறது, ஆகவே பெட்டியைத்தான் திருப்ப வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் 1053-இல் தூத்துக்குடி வானொலி கடல் தாண்டி வந்து நின்றது. போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, செட்டையும் பெட்டரியில் போட்டால் அந்த 'கொர்' சத்தம் பாதியாகிறது.

எப்.எம். எடுக்கவில்லை என்று ஏரியல் நுனியிலிருந்து ஒரு வயர் இழுத்துத் தகரக் கூரையில் கட்டுவது இங்கே வழக்கம். நன்றாகத்தான் எடுக்கும். மின்னலையும் சேர்த்து எடுக்கும். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் நம் மலையில் இடி தப்பாது. அந்த மாதங்களில் நான் கடைப்பிடிப்பது: முதல் முழக்கத்துக்கே பிளக்கைப் பிடுங்கு, ஏரியலை மடக்கு, பெட்டரிக்கு மாறு. சுவிட்சை அணைத்தால் போதாது, மின்னல் வயர் வழியாக வந்தால் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிவிடும். மத்திய அலையில் பாட்டுக்கு நடுவே படபடவென்று வெடித்தால், முழக்கம் காதில் விழாவிட்டாலும் எங்கேயோ மின்னல் வெட்டுகிறது என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தில் பழைய ரேடியோ என் போனைவிடப் புத்திசாலி.

பெட்டரிக்கு வருகிறேன். ஆறு வேண்டும், சேர்ந்து 9 வோல்ட். டார்ச்சுக்குப் போடும் பெரியதும் இல்லை, மணிக்கூட்டுக்குப் போடும் சின்னதும் இல்லை, நடுத்தர சைஸ். தோட்டத்துக் கடையில் இல்லை. பண்டாரவளைக்குப் போய் இரண்டாவது கடையில்தான் கிடைத்தது. இது இந்தச் செட்டின் பெரிய குறை, வாங்குகிறவர்கள் முன்பே யோசிக்க வேண்டும். சவூதியில் போட்ட பழைய பெட்டரி இரண்டு உள்ளேயே இருந்து கசிந்து, ஸ்பிரிங் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கையுறை போட்டு எடுத்து, அல்கலைன் வகை என்பதால் தேசிக்காய்ச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் லேசாகச் சுரண்டினேன். பழையதும் புதியதும் கலந்து போட்டால் பழையது முதலில் கசியும். தீர்ந்ததை அடுப்பில் போடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அது வெடிக்கும்.

புதிய ஆறு பெட்டரியில் சீடி மட்டும் கேட்டோம், மூன்று இரவில் பாட்டு திக்கித் திக்கி நிற்க ஆரம்பித்தது. சீடி சுற்றுவதற்கு மோட்டார் வேண்டும், லேசர் வேண்டும், எல்லாம் தின்னும். அடுத்த ஆறில் ரேடியோ மட்டும் வைத்தேன், இரண்டு வாரம் தாண்டியும் தளரவில்லை. ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம்: கரண்டு இருந்தால் சீடி, பெட்டரி ரேடியோவுக்கு மட்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, தப்பியவர்களுக்குப் பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் பள்ளிக்கூடங்கள்தான் வீடாயின. 2023 மார்ச்சில் கபரகலையில் மறுபடி சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று படி: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, அதாவது எழுந்து வெளியேறு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்குப் பேசலாம்தான், போன் உயிரோடு இருந்தால். சிக்னல் கம்பம் சாய்ந்த இரவில் மஞ்சளா சிவப்பா என்று சொல்ல வீட்டுக்குள் மிஞ்சியிருப்பது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

சீடிக்காக மட்டும் இந்தச் செட்டை வாங்கச் சொல்ல மாட்டேன், பாட்டுக்குப் போனே போதும். அலுமாரி மேல் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தால் இறக்கித் துடையுங்கள்.

மூன்றாவதாக வாங்கிய ஆறு பெட்டரியும் இப்போது செட்டுக்குள் இல்லை. வாங்கிய மாதத்தைப் பேனாவால் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு, டார்ச்சுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன கிழமை சித்தி அதிலிருந்து ஒன்றை எடுத்து மணிக்கூட்டுக்குப் போடப் பார்த்திருக்கிறார். நல்ல வேளை, சைஸ் சரிவரவில்லை.