போர்க் கடவுளும் பெயரில்லா அரசர்களும்

பழந்தெய்வங்களை ஓவியத்தில் கண்டவுடன் முகஞ்சுளிக்கும் சீர்திருத்த அன்பர் சிலர் உளர். வணக்கம் வேறு, உருவகம் வேறு. அஃது எத்துணைப் பயன் தரும், எங்கே தவறும் என்பதை ஓர் ஓவியங்கொண்டு ஆராய விரும்புகிறோம்.

பிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸ் 1638-39-ல் தீட்டிய 'போரின் விளைவுகள்' பிளாரன்ஸ் நகரத்துப் பித்தி அரண்மனையில் உள்ளது. நாம் கண்டது அதன் அச்சுப்படமே. உரோமரின் யானுஸ் கோயில் அமைதிக் காலத்தில் மூடியிருக்கும். போர் மூண்டால் திறக்கப்படும். படத்தில் அக்கதவு திறந்து கிடக்கிறது. போர்க் கடவுள் மார்ஸ் உருவிய வாளோடு பாய்கிறான். காதற்றெய்வமாகிய வீனஸ் அவனைப் பற்றித் தடுக்கிறாள். தீப்பந்தமேந்திய அலெக்டோ என்னும் வெறித்தேவதை முன்னே இழுக்கிறாள். அவன் காலடியில் நூல்கள் மிதிபடுகின்றன. உடைந்த இசைக்கருவியோடு ஒருத்தி வீழ்ந்து கிடக்கிறாள். குழந்தையை அணைத்த தாய் நடுங்குகிறாள். பின்னே, கரிய உடையில், அணியிழந்து, கைகளை உயர்த்தி ஒரு பெண் அலறுகிறாள். அவளே ஐரோப்பா என்று ரூபென்ஸ் 1638-ல் எழுதிய கடிதமொன்றில் விளக்கியுள்ளார்.

ரூபென்ஸ் கத்தோலிக்கர், மார்ஸை வணங்கியவரல்லர். அத்தெய்வங்கள் அவருக்குச் சொற்களே. பல மொழி பேசிய ஐரோப்பாவில் கற்றோர் யாவரும் அறிந்த பொதுச் சொற்கள் அவை. ஒரு கண்டத்தின் துயரை ஒரே திரையில் அடக்க வேறு வழி அவருக்கு எளிதிற் கிட்டியிராது. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

எனினும் ஒரு குறை உண்டு. 1618-ல் மூண்ட முப்பதாண்டுப் போரை நடத்தியவன் மார்ஸ் அல்லன். முடிதரித்த மன்னரும் அவர்தம் அமைச்சருமே. இதனை ரூபென்ஸ் அறியாதவரல்லர். 1629-ல் ஸ்பெயினின் தூதராக லண்டன் சென்று சமாதானம் பேசியவர். ஆயினும் அவர் அரசவை ஓவியர். ஆதலின் படத்தில் எந்த அரசரின் முகமும் இல்லை. பழி முழுதும் கடவுள் தலைமேல் விழுகிறது. உருவகம் உண்மையைப் பேசவும் உதவும். பேச வேண்டியவரை மறைக்கவும் உதவும்.

தோட்டத்திற் கிராணி வேலை பார்க்கும் நாம், மனிதர் செய்த தீங்கை 'தலைவிதி' என்று சொல்லி ஆறும் குரலை நாள்தோறும் கேட்கிறோம். மார்ஸும் தலைவிதியும் உடன்பிறந்தாரே.

ரூபென்ஸ் 1640-ல் மறைந்தார். போர் 1648 வரை ஓயவில்லை. கரிய உடைப் பெண்ணின் அலறல் நம் நெஞ்சைத் தொடுமாயின், மார்ஸைக் கண்டு வியப்பதோடு அமையாது, அப்படத்தில் இல்லாத முகங்களையும் தேடுவோமாக.