ஆண்டர்சனின் 405

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் புலிக்கு அடுத்த நாயகன் ஒரு துப்பாக்கிதான்: 405 வின்செஸ்டர், 1895 மாடல். பென்னாகரம், ஜவளகிரி காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த பெங்களூர்க்காரர் அவர்.

இந்தத் துப்பாக்கி ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பு. விசையடியில் உள்ள நெம்புகோலை முன்னே தள்ளினால் சுட்ட பித்தளைக் கூடு வெளியே தெறிக்கும். பின்னே இழுத்தால் புதுத் தோட்டா ஏறும். பழைய வின்செஸ்டர்களில் குழலுக்கடியில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். பின்னதன் முனை முன்னதன் அடியில் முட்டுவதால் கூர்முனைக் குண்டு ஆபத்து. பிரவுனிங் அவற்றைப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எத்தனை அழகான தீர்வு!

1904இல் வந்த 405 தோட்டாவின் குண்டு 300 கிரெய்ன், ஏறத்தாழ 19 கிராம். 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்க வேட்டைக்கு இந்தத் துப்பாக்கி ரகத்தையும் கொண்டுபோனார்.

சுட்ட கூட்டை வீசாமல் மறுபடி நிரப்புவது தனிக் கலை. கூட்டின் அடியில் தீமூட்டும் பழைய கேப்பைத் தட்டியெடுத்து, விரிந்த பித்தளையை அச்சில் சுருக்கி, புதுக் கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்த வேண்டும். மருந்து அளவு மீறினால் துப்பாக்கியே வெடிக்கலாம். பொற்கொல்லரின் நிதானம் இல்லாதவர் தொடக்கூடாத வேலை.

ஆனால் இந்தத் துப்பாக்கி குறிவைத்த புலிக்கு இன்று பாதுகாப்பு உண்டு: தென் தமிழக மலைக்காட்டில், முண்டந்துறை 1962இலேயே புலிகள் சரணாலயமாகிவிட்டது. வேட்டைக் காலம் முடிந்தது நல்லதே. அந்த நெம்புகோலின் நுட்பத்தை ரசிக்கப் புலி சாக வேண்டியதில்லை. அட்டை இலக்கு போதும்.