குடமும் குயவனும்

குடம் ஒன்று கண்டால் அதனை வனைந்த குயவன் உண்டு என்கிறோம். உலகம் என்னும் இப்பெரும் பொருளைக் கண்டபின், அதனை ஆக்கிய ஒருவனும் உண்டென்று ஏன் கொள்ளலாகாது? கடவுள் உண்மைக்குத் தருக்கமே சான்று என்போர் காலங்காலமாய் விடுக்கும் வினா இது.

வடமொழியில் உதயணர் நியாய குசுமாஞ்சலியில் இவ்வழி நின்றார். தமிழில் 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே, தோன்றி நின்று மறையும் உலகுக்குத் தலைவன் ஒருவன் வேண்டும் என நிறுவ முற்பட்டார். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவர் அதனை விளக்குவர். மெய்கண்டார் பிறந்த ஊர் எனப்படும் பெண்ணாடத்திற்கு அண்மையில்தான் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் இருக்கிறது. உவமையை அங்கேயே உரைத்துப் பார்ப்போம்!

பீங்கான் பொம்மையைக் கண்டதும் செய்தவன் உண்டென்கிறோமே, எதனால்? செய்யும் கைகளைக் கண்டிருக்கிறோம், அதனால். உலகங்கள் ஆக்கப்படுவதைக் கண்டவர் யார்? காட்சியில் வேரூன்றாத கருதல் அளவை காற்றில் கட்டிய மாளிகையன்றோ?

அப்பொம்மையைச் செய்தவர் ஒருவர்தாமா? மண்ணைக் குழைப்பவர் ஒருவர், அச்சில் வார்ப்பவர் ஒருவர், மெருகு பூசுபவர் ஒருவர், சூளையில் சுடுபவர் ஒருவர். அனைவர்க்கும் உடலுண்டு, எவரும் மண்ணைப் படைத்தாரில்லை. உவமை மெய்யானால் கடவுளர் பலராவர், உடலுடையராவர், மூலப்பொருளைப் படையாதவராவர். மூலப்பொருளாகிய மாயை என்றும் உள்ளது எனச் சைவரே ஒப்புகின்றனர். ஆக்கப்படாமல் மண் இருக்கலாம் என்றபின், அதன் இயக்கத்திற்கு மட்டும் ஆள் தேடுவானேன்?

மண்ணாலானது என்பதற்காகக் கறையான் புற்றையும் குயவன் வனைந்தான் என்பீரோ என 7-ஆம் நூற்றாண்டிலேயே பௌத்தப் பேரறிஞர் தருமகீர்த்தி மடக்கினார். கருதலளவையால் கடவுளை நிறுவ இயலாது, மறைநூலே சான்று என வைணவ ஆசாரியர் இராமானுசரே தம் ஸ்ரீபாஷ்யத்தில் உரைத்தார். உயிர்களின் அமைப்புக்குச் சிற்பி வேண்டாத விளக்கத்தை 1859-இல் டார்வின் தந்தார்.

அங்ஙனமாயின், இல்லை என்பதைத் தருக்கம் நிறுவிவிட்டதா? நேர்மையோடு விடை கூறுவோம். ஒரு சான்று வீழ்ந்ததனாலேயே பொருள் இல்லையென்று ஆகிவிடாது. எதிலும் தலையிடாது ஒளிந்திருக்கும் ஒன்றைத் தருக்கத்தால் மறுக்கவும் இயலாது. ஆயின், உண்டு என்பவன்மீதே மெய்ப்பிக்கும் கடமை விழுகிறது. மெய்ப்பிக்கும்வரை, நம்பாதிருப்பதே அறிவின் நெறி. எல்லாம் வல்லவன், எல்லையற்ற அருளாளன் என்று கூறப்படுபவனோ, பச்சிளங்குழந்தையின் நோய்முன் நின்று பதில் சொல்லியாக வேண்டும்!

இது வெறும் ஏட்டுச் சண்டையா? இல்லை. சூளையில் கலம் விரிந்தால் குயவன் தன் கைப்பிழை என்கிறான். உலகக் கலம் விரிந்தாலோ, உயிரின் பழவினை என்கின்றனர் சமயவாதிகள். ஏழ்மையும் இழிபிறப்பும் அவரவர் வினைப்பயன் என்னும் கொடுமொழி இவ்விடத்தில்தான் நுழைகிறது. குயவனை இறைவனுக்கு உவமையாக்கிய சமுதாயம், அந்தக் குயவனுக்குத் தன் நடுவே சரிநிகர் இருக்கை தந்ததா?

இளைஞர்காள்! குடத்தைக் காட்டி வருவோரிடம் சினவாதீர், வினவுங்கள். உவமை அழகு செய்யும், சான்று ஆகாது. வினைக்கணக்கைத் தூக்கியெறிந்து, மண் பிசையும் கைக்கு மானமும் உரிய கூலியும் கேட்பதே நம் கடமை!