எழுத்துப்பெயர்ப்பு என்னும் உரைகல்: ஆங்கில நெடுஞ்சொற்களும் தமிழ்ச் சித்திரகவியும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தமைப்பின் சிறப்பால் தொகுக்கப்பெறும் ஆங்கில நெடுஞ்சொற்களையும், ஓர் எழுத்தை விலக்கி எழுதப்பெற்ற ஆங்கில நூல்களையும் தமிழ்ச் சித்திரகவியோடு இணைவைப்பது எளிது. அவ்விணை எத்துணைப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேறொரு வரிவடிவில் எழுதும்போது அச்சிறப்பு நிலைக்கிறதா, அழிகிறதா என்பது இங்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. அவ்வுரைகல் வகைப்படுத்தவே உதவும் என்பதும், மதிப்பீட்டிற்கு வேறோர் அளவை வேண்டும் என்பதும் கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நெடுஞ்சொல், வரிவடிவம், ஒலிவடிவம், நிரோட்டம், மாலைமாற்று, எழுத்து விலக்கு

முன்னுரை

சொற்களை அவற்றின் எழுத்தமைப்பு நோக்கி ஆராயும் பொழுதுபோக்குத் துறையொன்று ஆங்கிலத்தில் உண்டு. டிமிட்ரி போர்க்மன் 1965இல் வெளியிட்ட ‘லாங்குவேஜ் ஆன் வெகேஷன்’ என்னும் நூலும், 1968இல் தொடங்கிய ‘வேர்ட் வேஸ்’ என்னும் இதழும் அதனைத் தனித்துறையாக நிலைநிறுத்தின. இத்துறையினர் தொகுக்கும் பட்டியல்களில் சொல்லும் எழுத்தெண்ணிக்கையும் முதலிடம் பெறுகின்றன. பொருள் ஒற்றை வரியில் இறுதியில் வந்து சேர்கிறது. பொருள் ஏன் கடையிடத்துக்குத் தள்ளப்படுகிறது என்னும் வினாவிலிருந்தே இத்துறை பற்றிய திறனாய்வு தொடங்க வேண்டும்.

கண்ணுக்குரிய எழுத்து

‘அன்காப்பிரைட்டபிள்’ என்னும் சொல் பதிப்புரிமை பெற இயலாதது எனப் பொருள்படும். ‘டெர்மட்டோகிளிஃபிக்ஸ்’ என்பது தோல்வரிகளை ஆராயும் துறையின் பெயர், 1926இல் ஆக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் தனித்தனியே பதினைந்து எழுத்துகளால் ஆனவை. ஓரெழுத்தும் மீண்டும் வாராதவை. பட்டியல்களில் இவை இடம்பெறுவதற்கு அதுவே காரணம். ஆயின், இங்குத் தமிழெழுத்தில் எழுதப்பட்ட நிலையிலேயே அச்சிறப்பு மறைந்துவிடுவதைக் காணலாம். முன்னதில் பகரமெய் மும்முறை வருகிறது. பின்னதில் ககரமெய் இருமுறை வருகிறது.

இது தமிழெழுத்தின் குறையன்று. ஆங்கில ஒலிப்பிலேயே அச்சிறப்பு இல்லை. முதற்சொல்லின் நடுவிலுள்ள இரண்டு எழுத்துகள் ஒலிப்பதே இல்லை. இரண்டாவதில் இகர ஒலி இருமுறை கேட்கிறது. ‘ஃபெசீஷஸ்’ என்னும் சொல் இடமறியாது நகையாடும் இயல்பைக் குறிக்கும். ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் நெடுங்கணக்கு வரிசையிலேயே அதில் அமைந்துள்ளன என்று பாராட்டுவர். ஒலிக்கும் உயிர்களோ மூன்றே. இருபத்தாறு எழுத்துகளைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளை எழுதும் மொழியில், எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே விழும் இடைவெளியே இவ்விளையாட்டின் களம். கண் காணும் சிறப்பைச் செவி அறிவதில்லை.

வாய்க்குரிய எழுத்து

தமிழிலக்கண மரபில் எழுத்து என்பது முதன்மையாக ஒலியைச் சுட்டும். தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் தோன்றும் இடத்தையும் முயற்சியையும் வகுத்துரைக்கிறது. இதழ் குவியும் உ, ஊ, ஒ, ஓ, ஔ என்பவற்றையும், இதழின் தொழிலால் பிறக்கும் ப, ம, வ என்பவற்றையும் விலக்கிப் பாடுவது நிரோட்டம். இவ்விலக்கு அப்பிறப்பிலக்கணத்தின் மேல் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இயற்றிய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதினும், எழுதாமல் ஓதினும் அது நிரோட்டமாகவே நிற்கும். விதியின் காவல் ஏட்டில் இல்லை; ஓதுவோரின் இதழ்களில் இருக்கிறது.

இதனால் ஆங்கில விளையாட்டு முழுவதும் கண்ணுக்குரியது, தமிழ் விளையாட்டு முழுவதும் வாய்க்குரியது என முடிவுகட்டுதல் பொருந்தாது. ‘விகடகவி’ என்பது எளிய மாலைமாற்று. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்வதால் மட்டுமே அது இருபுறமும் ஒத்து நிற்கிறது. உயிரையும் மெய்யையும் தனித்தனியே எழுதும் ரோமன் வரிவடிவில் அவ்வொப்புமை குலைந்துவிடும். நாகபந்தம் முதலானவை வரைந்து காட்டப்படுபவை. மறுதலையாக, ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் வரும் ‘ஹொனோரிஃபிகாபிலிடுடினிடாடிபுஸ்’ என்னும் இருபத்தேழு எழுத்து இலத்தீன் சொல்லில் மெய்யும் உயிரும் மாறிமாறி வருகின்றன. தமிழில் எழுதும்போது, ஃ என்னும் துணைக்குறியை நீக்கி நோக்கின், பதின்மூன்று உயிர்மெய்களும் இறுதியில் ஒரு மெய்யுமாக அவ்வொழுங்கு அப்படியே நிற்கிறது. ஆகவே, இவ்வுரைகல் மொழிகளைப் பிரிப்பதில்லை, விதிகளைப் பிரிக்கிறது.

பொருளோடு கூடிய நீளம்

வரிவடிவம் சார்ந்ததனாலேயே ஒரு சொல் மதிப்பிழப்பதில்லை. மதிப்பு, விதிக்கும் பொருளுக்கும் உள்ள உறவில் தங்கியுள்ளது. ‘நியூமோனோ’ எனத் தொடங்கும் நாற்பத்தைந்து எழுத்துச் சொல், நுண்ணிய சிலிக்காத் துகளால் வரும் நுரையீரல் நோயைக் குறிப்பதாகக் கூறப்படுவது. இது 1935இல் அமெரிக்கப் புதிர்க்கழகத் தலைவர் எவரெட் ஸ்மித் நீளத்திற்காகவே புனைந்தது. மருத்துவர்க்குச் ‘சிலிகோசிஸ்’ என்னும் சொல்லே போதும். இங்குப் பொருள், நீளத்துக்குக் கூறப்பட்ட சாக்கு.

‘ஃப்ளாக்சிநாசிநைஹிலிபிலிஃபிகேஷன்’ என்னும் இருபத்தொன்பது எழுத்துச் சொல்லின் இயல்பு வேறு. ஒன்றைப் பயனற்றதென மதிப்பிடுதல் என்பது அதன் பொருள். ‘ஒரு பொருட்டன்று’ எனச் சொல்ல இலத்தீனில் வழங்கும் நான்கு சொற்கள் அதில் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. அற்பத்தை அற்பமெனச் சொல்ல அற்பங்களையே அடுக்கி இத்துணை நீளம் செலவிடுவதில் எள்ளல் பிறக்கிறது. ஷேக்ஸ்பியரும் தம் நெடுஞ்சொல்லைக் கோமாளியின் வாயில் வைத்து, சொற்களைத் தின்று வாழும் புலமைச் செருக்கை நகையாடினார். 1910இல் எட்வின் டர்னிங்-லாரன்ஸ் அதே இருபத்தேழு எழுத்துகளை மாற்றியடுக்கி, நாடகங்கள் பேக்கன் பெற்றவை எனப் பொருள்தரும் இலத்தீன் தொடராக்கினார். எழுத்தை எண்ணியவர் நகையைத் தவறவிட்டார்.

விலக்கும் இழப்பும்

எழுத்து விலக்கிய நூல்களையும் இவ்வளவையாலேயே எடைபோடலாம். எர்னஸ்ட் வின்சென்ட் ரைட்டின் ‘காட்ஸ்பி’ (1939) ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தை விலக்கி ஐம்பதாயிரம் சொற்களுக்கு மேல் எழுதப்பட்ட புதினம். 6க்கும் 30க்கும் இடைப்பட்ட எந்த எண்ணின் பெயரையும் அவ்விதிக்குட்பட்டுச் சொல்ல இயலாது. அருஞ்செயலே, ஆயினும், ஒரு சிற்றூர் இளைஞரால் செழிப்புறும் கதைக்கும் அவ்வெழுத்தின் இன்மைக்கும் தொடர்பில்லை.

ஜார்ஜ் பெரெக் 1969இல் அதே எழுத்தை விலக்கிப் பிரெஞ்சில் எழுதிய புதினம், 1994இல் கில்பர்ட் அடேரின் ஆங்கிலப் பெயர்ப்பாக வந்தது. பெரெக்கின் தந்தை 1940இல் போரில் இறந்தார். தாய் 1943இல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவ்வெழுத்தின்றிப் பிரெஞ்சில் தாய், தந்தை என்னும் சொற்களையோ அவர்தம் பெயரையோ எழுத முடியாது. ஆங்கிலத்திலும் தாயையும் தந்தையையும் குறிக்கும் இயல்பான சொற்களில் அவ்வெழுத்து உண்டாதலின் இழப்பு மொழிபெயர்ப்பிலும் தொடர்கிறது. ‘எ வாய்ட்’ என்னும் ஆங்கிலத் தலைப்பு ‘ஒரு வெறுமை’ எனப் பொருள்படும். இடைவெளியை நீக்கினால் ‘தவிர்’ என்னும் சொல்லாகும். விதியும் அது விட்டுச்செல்லும் பள்ளமும் ஒரே எழுத்துகளில் அடங்குகின்றன.

விதிக்குக் கதைக்குள்ளேயே காரணம் காட்டும் நெறி இந்திய மரபிலும் பழையது. தண்டியின் தசகுமாரசரிதத்தில், காதலியின் பற்குறியால் இதழ் புண்பட்ட மந்திரகுப்தன் இதழொலியின்றித் தன் கதையைக் கூறுகிறான். சிவப்பிரகாசரின் அந்தாதி இந்நோக்கில் மீள்வாசிப்புக்கு உரியது. முருகன், குமரன், வேலன் என்னும் பெயர்களை நிரோட்ட விதி தடுக்கிறது. செந்தில், கந்தன் போன்ற பெயர்களே அதற்கு இயைகின்றன. பாட்டுடைத் தலைவனின் புகழ்பெற்ற பெயர்களைச் சொல்லாமல் அவனைப் பாடும் நிலை வெறும் சொற்சாலமா, பக்தியின் ஒரு பண்பா என்னும் வினா எஞ்சுகிறது.

முடிவுரை

எழுத்துப்பெயர்ப்பு என்னும் உரைகல் ஒரு விதி கண்ணைச் சார்ந்ததா, வாயைச் சார்ந்ததா என்பதைக் காட்டும். எனவே நிரோட்டத்தையும் ஆங்கில எழுத்து விலக்கையும் ஒரே கலைச்சொல்லால் குறிப்பது பொருந்தாது. முன்னதை ஒலி விலக்கு எனவும் பின்னதை வரி விலக்கு எனவும் வேறுபடுத்தலாம். எனினும் சிறந்தது எது என்பதை அவ்வுரைகல் கூறாது. விதியை நீக்கினால் பொருளும் குறைபடுமா என வினவ வேண்டும். குறைபடுமாயின் அது இலக்கியம். சித்திரகவியை மிறைக்கவி என ஒதுக்கும் போக்கும், அருஞ்செயல் என வியக்கும் போக்கும் இவ்வினாவை எழுப்பாமலேயே தீர்ப்பு வழங்குகின்றன.