தார்ப்பாயில் உட்கார்ந்து கேட்ட இசை

கனடாவின் வின்னிபெக் நகருக்கு வடகிழக்கே, அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் பேர்ட்ஸ் ஹில் மாகாணப் பூங்கா இருக்கிறது. பனியுகத்தின் முடிவில் உருகி ஓடிய நீர் குவித்துவிட்டுப் போன சரளை மேடு. அதன்மேல் புல்வெளியும் ஆஸ்பென் தோப்புகளும். ஜூலையில் இங்கு நடக்கும் வின்னிபெக் நாட்டுப்புற இசை விழாவுக்கு வருகிறவர்களில் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடித்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள். நகரின் நூற்றாண்டையொட்டி 1974இல் இலவச விழாவாக இதைத் தொடங்கியவர்கள் மிட்ச் பொடோலாக், ஏவா கோப்ரின்ஸ்கி, காலின் கோரி ஆகிய மூவர்.

பெரிய பெயர்கள் இரவில் முதன்மை மேடையில் பாடுவார்கள். ஆனால் இந்த விழாவின் உயிர் பகலில், மரத்தடிச் சிறு மேடைகளில் இருக்கிறது. பிக் ப்ளூஸ்டெம், பர் ஓக், ஸ்னோபெர்ரி ஃபீல்டு என்று மேடைகளுக்கு அந்த மண்ணின் புல், மரம், செடிகளின் பெயர்கள். குறிஞ்சி, முல்லை என்று நிலத்தையே பூவின் பெயரால் அழைத்த மரபில் வந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும்.

அந்த மேடைகளில் நடப்பவற்றை ஒர்க்‌ஷாப் என்கிறார்கள். ஒன்ராறியோவின் மாரிபோசா விழாவில் எஸ்டெல் க்ளைன் செதுக்கி வளர்த்த வடிவம் இது. அதுவரை ஒருவரையொருவர் பார்த்தேயிராத மூன்று நான்கு இசைக்கலைஞர்களைக்கூட ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். முறை வைத்து ஒருவர் பாட, முடிந்தவர்கள் கூடச் சேர்ந்துகொள்ளலாம். ஒத்திகை கிடையாது.

இங்கே காதுக்குச் சமமாகக் கண்ணுக்கும் வேலை உண்டு. பாடப்போகிறவர் பக்கத்தில் திரும்பி, “டி” என்று சுருதியை மட்டும் சொல்கிறார். அடுத்த நாற்காலிக்காரர் கிட்டாரின் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டுகிறார். சி-க்குப் பழகிய விரலமைப்பிலேயே இனி டி ஒலிக்கும். ஃபிடில்காரர் முதல் சரணம் முழுக்க வில்லைத் தந்தியில் வைப்பதில்லை. இடக்கை விரல்கள் மட்டும் ஓசையின்றி மெட்டைத் தேடுகின்றன. இரண்டாம் சரணத்தில் அடித்தந்தியில் ஒரே ஒரு நீண்ட ஸ்வரம். மூன்றாவதில் இரண்டு தந்திகளை ஒருசேர இழுக்கிறார், பாட்டு திடீரென்று அகலமாகிறது. முடிக்கும் நேரம் வந்ததும் முன்னின்று வாசிப்பவர் ஒரு காலைச் சற்றே தூக்குகிறார். ‘இதுதான் கடைசிச் சுற்று’ என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

பாஞ்சோ வாசிப்பவரின் வலக்கையை மட்டுமே ஒரு பாட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பழைய ‘க்ளாஹேமர்’ பாணியில் நகத்தின் வெளிப்புறம் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டும். கட்டைவிரல் ஐந்தாம் தந்தியைச் சுண்டும். அந்தத் தந்தி மற்றவற்றைவிடக் குட்டை, அதன் முறுக்காணியும் கழுத்தின் நடுவிலேயே இருக்கும். மெட்டு எங்கே அலைந்தாலும் அது தன் ஒரே ஸ்வரத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். சுருதியும் அதுவே, பாதித் தாளமும் அதுவே. பொடோலாக்கும் பாஞ்சோ வாசித்தவர்தான். பக்கத்தில் இருப்பவரைத் தாங்கிப் பிடிக்கும் அந்த வாத்தியத்தின் குணம் அவருடைய விழாவிலும் படிந்திருக்கிறது.

முதன்மை மேடை முன்னால் காலையிலேயே தார்ப்பாய்களை விரித்து இடம்பிடித்து விடுகிறார்கள். சூரியன் மறைய ஒன்பதரை மணிக்குமேல் ஆகும். அந்த நீண்ட மாலை வெளிச்சத்தில், கொசுவை விரட்டிக்கொண்டே, பக்கத்துத் தார்ப்பாய்க்காரர் நீட்டும் பழத்தைத் தின்றபடி பாட்டுக் கேட்பது தனிச் சுகம்.

மேடை ஓய்ந்தபின் இசை கூடாரங்களுக்கு இடம்பெயர்கிறது. தூங்க விரும்புவோருக்கு அமைதியான முகாம் தனியே உண்டு. மற்றதில் விடியும்வரை பாட்டுத்தான். படுத்துக்கொண்டு கேட்டால் கூடாரத் துணி எதையும் தடுப்பதில்லை. தூரத்துக் கூட்டத்திலிருந்து முதலில் வந்து சேர்வது பறையொலியின் கனம். காற்று திரும்பினால் ஃபிடிலின் ஒரு கீற்று. சொற்கள் வந்து சேர்வதில்லை. ஆனாலும் எந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள் என்பது, குரல் சட்டென்று தடிப்பதிலேயே தெரிந்துவிடும்.

ஞாயிறு இரவு கலைஞர்கள் திரளாக மேடையேறிப் பாடும் பாடல்களில் ஒன்று ஸ்டான் ரோஜர்ஸ் எழுதிய ‘தி மேரி எல்லன் கார்ட்டர்’. மூழ்கிய கப்பலை மீட்டெடுக்கப் பாடுபடும் மாலுமிகளின் கதை அது. ரோஜர்ஸ் 1983இல் விமானத் தீவிபத்தில் இறந்தார்; பாட்டை ஆயிரம் தொண்டைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. பல்லவி வரும்போது கூட்டத்தில் சிலர் மெட்டைப் பாடாமல் அதற்கு மேலோ கீழோ இழையும் துணைக்குரலைப் பிடிக்கிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. மரத்தடியில் அந்த ஃபிடில்காரர் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள்: முதலில் கேட்டு, தனக்கான இடம் எதுவென்று தேடி, அங்கே மட்டும் ஒலிக்கிறார்கள். நல்ல இசை கேட்க வழிகள் ஏராளம். கேட்டவரையே துணைக்குரலாக்கி அனுப்பும் விழாக்கள் குறைவு; அதனால்தான் இதைக் கொண்டாடத் தோன்றுகிறது.